தம்பி, இந்தச் சிகரெட் யாருக்கு?

சாயங்காலம் மணி ஐந்து. பள்ளிக்கூடம் விட்டாயிற்று.

தெருமுனையில் ஒரு பெட்டிக்கடை. வாழைத்தார் தொங்குகிறது. கண்ணாடிப் பாட்டில்களில் கடலை மிட்டாய், தேன் மிட்டாய், முறுக்கு. அவற்றை ஒட்டியே சிகரெட் பெட்டிகள், பீடிக்கட்டுகள். கூரையிலிருந்து சரம் சரமாகப் பொட்டலங்கள்.

ஒரு பையன் வருகிறான். தோளில் புத்தகப் பை. வயது பன்னிரண்டு இருக்கும்.

"அண்ணாச்சி, ரெண்டு சிகரெட்!"

"யாருக்குடா தம்பி?"

"அப்பாவுக்கு."

கடைக்காரர் எடுத்துக் கொடுக்கிறார். காசை வாங்கிக் கல்லாவில் போடுகிறார். அவ்வளவுதான். அரை நிமிஷ வியாபாரம்.

அந்த அரை நிமிஷத்தில் ஒரு குற்றம் நடந்துவிட்டது!

பையனுக்கு அது தெரியாது. அவனை அனுப்பிய அப்பாவுக்கும் தெரியாது. கடைக்காரருக்கு ஒருவேளை தெரிந்திருக்கலாம். ஆனால் அவர் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

இது எந்த ஊரில் நடந்தது என்று கேட்காதீர்கள். எந்த ஊரில் நடக்கவில்லை என்று கேளுங்கள்!

சட்டம் சொல்லுவது என்ன?

2003-ம் ஆண்டில் இந்தியப் பாராளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. சிகரெட்டையும் மற்றப் புகையிலைச் சாமான்களையும் கட்டுப்படுத்தும் சட்டம் அது.

அதன் 6-வது பிரிவில் இரண்டு கட்டளைகள் இருக்கின்றன.

ஒன்று: 18 வயது நிரம்பாத எவருக்கும் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது.

இரண்டு: பள்ளிக்கூடம், கல்லூரி ஆகியவற்றைச் சுற்றி 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கவே கூடாது. 100 கெஜம் என்றால் 300 அடி. பள்ளிக்கூடத்தின் சுற்றுச்சுவரிலிருந்து இந்தத் தூரத்தை அளக்க வேண்டும்.

முதல் கட்டளையை இன்னொரு தடவை படியுங்கள். "எவருக்கும்" என்று இருக்கிறது. "தானே குடிப்பதற்காக வாங்கும் பிள்ளைக்கு" என்று இல்லை. அப்பாவுக்காக வாங்கினாலும் சரி, தாத்தாவுக்காக வாங்கினாலும் சரி, முதலாளிக்காக வாங்கினாலும் சரி. வாங்க வந்தவன் சிறுவன் என்றால் விற்றது குற்றம்.

இது புதிய யோசனை அல்ல. 1908-ம் ஆண்டிலேயே பிரிட்டனில் ஒரு சட்டம் வந்தது. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குச் சிகரெட் விற்கக் கூடாது; அது அவனுக்காக இருந்தாலும் சரி, பிறருக்காக இருந்தாலும் சரி என்று அந்தச் சட்டம் சொல்லியது. 1919-ல் வங்காளத்திலும் சிறுவர் புகைப்பதைத் தடுக்கச் சட்டம் செய்தார்கள். "அப்பாவுக்கு" என்ற பதில் அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கிறது!

கடையில் பலகை எங்கே?

புகையிலை விற்கும் கடை ஒவ்வொன்றிலும் ஒரு பலகை இருக்க வேண்டும். அதன் அளவு கூட விதியில் இருக்கிறது. நீளம் 60 சென்டிமீட்டர்; அகலம் 30 சென்டிமீட்டர். இதற்குக் குறையக் கூடாது. "18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குப் புகையிலை விற்பது தண்டனைக்கு உரிய குற்றம்" என்று உள்ளூர் மொழியில் அதில் எழுத வேண்டும். புகையிலையால் வரும் கேட்டைக் காட்டும் படமும் வேண்டும்.

இன்னும் சில விதிகள்:

சிறுவர் கைக்கு எட்டும்படி புகையிலைச் சாமானை வைக்கக் கூடாது.

18 வயது நிரம்பாத பையனைக் கடையில் உட்காரவைத்து, அவன் கையால் புகையிலை விற்கச் செய்யக் கூடாது.

வாங்க வந்தவருக்கு 18 வயது ஆகிவிட்டதா என்று சந்தேகம் வந்தால், கடைக்காரர் அத்தாட்சி கேட்கலாம். பின்னால் வழக்கு வந்தால், "வாங்கியவன் சிறுவன் அல்ல" என்று நிரூபிக்க வேண்டியவர் கடைக்காரரே!

ஆக, சட்டத்தில் குறை இல்லை போல் தோன்றுகிறது. பின் ஏன் இந்த வியாபாரம் நிற்கவில்லை?

இருநூறு ரூபாய் கணக்கு

இந்த 6-வது பிரிவை மீறினால் என்ன தண்டனை? அபராதம். எவ்வளவு? அதிகமாய்ப் போனால் 200 ரூபாய்!

2003-ம் ஆண்டில் 200 ரூபாய்க்கு ஒரு மதிப்பு இருந்தது. இன்று அந்த மதிப்பு எங்கே? ஒரு குடும்பம் ஓட்டலுக்குப் போய்ச் சிற்றுண்டி சாப்பிட அது போதாது.

ஒரு சிகரெட்டில் ஒரு ரூபாய் லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 சிகரெட் விற்றால் அபராதத்தைக் கட்டிவிடலாம். பத்துப் பெட்டி, இருபது பெட்டி விற்றால் தீர்ந்தது. அதுவும் யாராவது வந்து பிடித்தால்தான். வருஷத்தில் ஒரு தடவைகூட யாரும் வராத கடைக்கு அந்தக் கவலையும் இல்லை.

இன்னொரு சட்டமும் இருக்கிறது. அது 2015-ம் ஆண்டின் சிறுவர் நீதிச் சட்டம். அதன் 77-வது பிரிவு மிகக் கடுமையானது. ஒரு குழந்தைக்கு மதுவையோ, போதை மருந்தையோ, புகையிலைப் பொருளையோ கொடுப்பவருக்கும், கொடுக்கச் செய்பவருக்கும் 7 ஆண்டு வரை கடுங்காவல்; ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம்!

"கொடுக்கச் செய்பவர்" என்ற சொல்லைப் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும்.

இப்போது பாருங்கள். ஒரு கையில் 200 ரூபாய். இன்னொரு கையில் 7 ஆண்டு ஜெயில். ஒன்று கடிக்காத நாய். மற்றது கட்டிப்போட்ட புலி. பெட்டிக்கடை வைத்துப் பிழைக்கும் ஒருவரை, ஒரு சிகரெட் விற்றதற்காக ஏழு வருஷம் உள்ளே தள்ள எந்த அதிகாரிக்குச் சுலபத்தில் மனம் வரும்? ஆகவே சிறு தண்டனைக்குப் பயம் இல்லை. பெரிய தண்டனைக்கு நடைமுறை இல்லை. இரண்டுக்கும் நடுவே வியாபாரம் நடந்துகொண்டே இருக்கிறது.

பத்து வயதுக்கு முன்பே!

"எங்கோ ஒரு பையன் பிடிக்கிறான். இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு?" என்று சிலர் கேட்கலாம்.

2019-ம் ஆண்டில் இந்தியா முழுவதும் பள்ளி மாணவர்களிடம் ஒரு சர்க்கார் கணக்கெடுப்பு நடந்தது. 13 முதல் 15 வயது வரை உள்ள பிள்ளைகளிடம் கேட்டார்கள். நூற்றுக்கு எட்டரைப் பேர் ஏதாவது ஒரு வகையில் புகையிலையைப் பயன்படுத்துவதாகத் தெரிந்தது. ஆண் பிள்ளைகளில் 9.6 சதவிகிதம். பெண் பிள்ளைகளிலும் 7.4 சதவிகிதம்!

எப்போது ஆரம்பித்தார்கள்? இந்தப் பதில்தான் வயிற்றைக் கலக்குகிறது.

சிகரெட் பிடிக்கும் மாணவர்களில் 100-க்கு 38 பேர், பத்தாவது பிறந்த நாளுக்கு முன்பே ஆரம்பித்தவர்கள். பீடி பிடிப்பவர்களில் 47 பேர். வாயில் போட்டு மெல்லும் புகையிலையைப் பயன்படுத்துபவர்களில் 52 பேர். பத்து வயது என்றால் ஐந்தாம் வகுப்பு!

எங்கே வாங்கினார்கள்? சிகரெட் பிடிக்கும் மாணவர்களில் 69 பேர், பீடி பிடிப்பவர்களில் 78 பேர், கடைகளிலும் தெரு வியாபாரிகளிடமும் வாங்கியிருக்கிறார்கள். அப்படிச் சிகரெட் வாங்கியவர்களில் 45 சதவிகிதம் பேரிடம், "உனக்கு வயது போதாது, போ" என்று எந்தக் கடைக்காரரும் மறுக்கவில்லை.

சின்ன வயதில் ஏன் இது ஆபத்து? புகையிலையில் நிகோடின் என்ற பொருள் இருக்கிறது. அதுதான் பழக்கத்தை உண்டாக்குவது. இருபத்தைந்து வயது வரை மனித மூளை வளர்ந்துகொண்டே இருக்கிறது. வளரும் மூளையில் நிகோடின் சீக்கிரம் பதிந்துவிடும். ஈரச் சுவரில் வைத்த கை அடையாளம் போல அது நின்றுவிடும். நாற்பது வயதில் "விட முடியவில்லையே" என்று தவிப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் பள்ளிக்கூட வயதிலோ, அதை ஒட்டியோ தொடங்கியதாகத்தான் சொல்லுவார்கள்.

இந்தியாவில் புகையிலையால் ஆண்டுதோறும் 13 லட்சம் பேருக்கு மேல் சாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்லுகிறது.

சில்லறை விற்பனை என்ற சந்து

சிகரெட் பெட்டியின் மேல் பயங்கரமான படம் போட்டிருக்கிறதே, பார்த்திருப்பீர்கள். 2016-ம் ஆண்டு முதல் பெட்டியின் இரண்டு பெரிய பக்கங்களிலும் 85 சதவிகித இடத்தை எச்சரிக்கை அடைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி.

ஆனால் பையன் பெட்டியா வாங்குகிறான்? ஒன்றோ இரண்டோ உதிரியாக வாங்குகிறான். படம் கடைக்காரர் கையிலேயே தங்கிவிடுகிறது. எச்சரிக்கை போய்ச் சேர வேண்டிய கண்ணுக்குப் போய்ச் சேருவதே இல்லை.

முழுப் பெட்டி வாங்க ஒரு சிறுவனிடம் பணம் இருக்காது. மிட்டாய்க்குக் கொடுத்த காசைச் சேர்த்தால் உதிரிச் சிகரெட் வாங்கலாம். ஆகவே சில்லறை விற்பனைதான் பிள்ளைகள் நுழையும் சந்து. மராட்டிய மாநிலத்தில் 2020-ல் உதிரிச் சிகரெட் விற்பதைத் தடை செய்தார்கள். கர்நாடகம் 2025-ல் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. அங்கே 21 வயது நிரம்பாதவருக்குப் புகையிலை விற்கக் கூடாது. உதிரியாகவும் விற்கக் கூடாது. அபராதம் 200 ரூபாயிலிருந்து 1,000 ரூபாய்.

இலங்கையில் 2006-ம் ஆண்டுச் சட்டத்திலேயே 21 வயது என்று வைத்துவிட்டார்கள். சிங்கப்பூரில் 2021 முதல் 21 வயது. மாலத்தீவில் இன்னும் கடுமை. 2007-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதியிலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு எந்த வயதிலும் புகையிலை விற்கக் கூடாது என்று 2025 நவம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள்.

தமிழ்நாட்டில் வாயில் போடும் குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் 2013 மே மாதத்தில் தடை வந்தது. அதன்மேல் வழக்குகள் நடந்தன. 2023 ஜனவரியில் சென்னை ஐகோர்ட்டு தடை உத்தரவை ரத்து செய்தது. ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. 2024-ல், உதட்டுக்குள் ஒதுக்கிக்கொள்ளும் புகையிலைப் பொட்டலம் பள்ளிப் பிள்ளைகளிடம் பரவுவது பற்றி ஐகோர்ட்டின் மதுரைக் கிளை கவலை தெரிவித்து, சர்க்காரைக் கேள்வி கேட்டது. புகை வராது, வாசனை தெரியாது. வகுப்பில் வாத்தியார் எதிரிலேயே வாயில் வைத்துக்கொள்ளலாம். அதுதான் அதில் உள்ள மோசம்.

ஒரு சிற்றூர் காட்டிய வழி

வயதை உயர்த்தினால் போதுமா? அபராதத்தைக் கூட்டினால் போதுமா? போதாது என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது.

அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் உட்ரிட்ஜ் என்று ஒரு சிற்றூர். அங்கேயும் சிறுவருக்குச் சிகரெட் விற்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. ஆனால் சோதித்துப் பார்த்தபோது 100-க்கு 70 கடைகளில் தாராளமாக விற்றார்கள்.

1989-ல் அந்த ஊரார் புதிய ஏற்பாடு செய்தார்கள். சிகரெட் விற்க வேண்டுமானால் லைசென்ஸ் வாங்க வேண்டும். சில மாதங்களுக்கு ஒரு தடவை, போலீசார் ஒரு சிறுவனையோ சிறுமியையோ கடைக்கு அனுப்பிப் பார்ப்பார்கள். விற்றால் அபராதம், கொஞ்ச காலத்துக்கு லைசென்சும் ரத்து.

என்ன ஆயிற்று? ஒன்றரை ஆண்டுக்குள், சிறுவருக்கு விற்கும் கடை 100-க்கு 5-க்கும் கீழே வந்துவிட்டது. அந்த ஊர் மாணவர்களிடையே புகைப்பழக்கம் பாதிக்கு மேல் குறைந்தது. 1991-ல் இந்த விவரங்களை ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே அமெரிக்கப் பாராளுமன்றம், எல்லா மாநிலங்களும் இப்படிக் கடைகளைத் திடீர்ச் சோதனை செய்ய வேண்டும் என்று சட்டம் செய்தது.

ஆனால் ஒன்று. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சில ஊர்களிலும் இப்படிச் செய்தார்கள். அங்கே 100-க்கு 82 கடைகள் திருந்தின. ஆனாலும் பிள்ளைகளின் பழக்கம் குறையவில்லை என்று 1997-ல் வெளியான ஆராய்ச்சி சொல்லியது! ஏன்? மீதி 18 கடைகள் இருக்கின்றனவே! ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்தப் பதினெட்டு கடைகள் எவை என்று தெரிந்துவிடும்.

இதிலிருந்து தெரிவது என்ன? பாதி வேலை, வேலையே அல்ல. ஓட்டைக் குடத்தில் பத்து ஓட்டையில் எட்டை அடைத்தாலும் தண்ணீர் நிற்காது. மொத்தத்தையும் அடைக்க வேண்டும்.

கடைக்காரர் பக்கம்

கடைக்காரரையும் கேட்க வேண்டும் அல்லவா? அவர் சொல்லுவார்: "நான் கொடுக்கவில்லை என்றால் எதிர்க்கடையில் வாங்குவான். நாளைக்கு அவன் அப்பா அரிசி, பருப்பையும் அங்கேயே வாங்குவார். நான் மட்டும் யோக்கியனாக இருந்து நஷ்டப்படவா?"

இதில் நியாயம் இருக்கிறது. யோக்கியருக்கு நஷ்டம், மற்றவருக்கு லாபம் என்ற நிலை இருக்கும்வரை யாரும் யோக்கியமாக இருக்க மாட்டார்கள். எல்லாக் கடையும் ஒரே நாளில் மறுத்தால்தான் எவருக்கும் நஷ்டம் இல்லை. லைசென்சும் திடீர்ச் சோதனையும் வேண்டும் என்பது இதற்காகத்தான். அவை நேர்மையான கடைக்காரருக்கு எதிரி அல்ல, பாதுகாப்பு.

2017-ல் மத்திய சுகாதார அமைச்சகம் மாநிலங்களுக்கு ஒரு யோசனை எழுதியது. புகையிலை விற்கும் கடைக்கு உள்ளாட்சியில் அனுமதி வாங்க வேண்டும். அப்படிப்பட்ட கடையில் மிட்டாய், பிஸ்கட் போன்ற, பிள்ளைகள் வாங்கும் சாமான்களை விற்கக் கூடாது என்பது யோசனை. சிறு கடைக்காரர்களுக்கு இது கஷ்டம்தான். மிட்டாயும் வேண்டும், சிகரெட்டும் வேண்டும் என்ற நிலையில்தான் அவர்கள் பிழைப்பு ஓடுகிறது. ஆகவே அவகாசம் கொடுத்து, படிப்படியாகச் செய்ய வேண்டும். ஆனால் மிட்டாய்ப் பாட்டிலுக்குப் பக்கத்தில் சிகரெட் பெட்டி இருக்கும்வரை, மிட்டாய் வாங்க வரும் குழந்தையின் கண் இரண்டிலும்தானே படும்?

நாம் செய்ய வேண்டியது

சர்க்கார் செய்வது இருக்கட்டும். இன்றைக்கே நாம் செய்யக் கூடியவை சில உண்டு.

பள்ளிக்கூட வாசலில் நின்று சுற்றிலும் பாருங்கள். 300 அடிக்குள் புகையிலை விற்கும் கடை இருக்கிறதா? இருந்தால் தலைமை ஆசிரியரிடம் சொல்லுங்கள். இந்த 6-வது பிரிவின்படி நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் சப்-இன்ஸ்பெக்டருக்கு மட்டும் அல்ல, தலைமை ஆசிரியருக்கும் உண்டு. பல ஆசிரியர்களுக்கே இது தெரியாமல் இருக்கலாம். பெற்றோர் பத்துப் பேர் சேர்ந்து போனால் அவருக்கும் தைரியம் வரும்.

கடையில் எச்சரிக்கைப் பலகை இல்லையென்றால், "அண்ணாச்சி, பலகை எங்கே?" என்று கேளுங்கள். சண்டை வேண்டாம். கேட்டால் போதும். நாலு பேர் கேட்டால் பலகை வரும்.

பிள்ளையின் சட்டைப்பையில் பொட்டலம் அகப்பட்டால் உடனே அடிக்காதீர்கள். சட்டம் விற்றவரைத்தான் குற்றவாளி என்கிறது. வாங்கிய பிள்ளையை அல்ல. அடித்தால் பழக்கம் போகாது. உங்களுக்குத் தெரியாமல் நடக்கும். எங்கே வாங்கினான், யார் பழக்கினார்கள் என்று அன்பாகக் கேளுங்கள். விட முடியவில்லை என்றால் யோசனை சொல்லச் சர்க்கார் தொலைபேசி இருக்கிறது. எண் 1800-11-2356. கட்டணம் கிடையாது. பிள்ளைக்கு மட்டும் அல்ல, அப்பாவுக்கும் அதே எண்தான்!

கடைசியாக, எல்லாவற்றிலும் முக்கியமானது.

பிள்ளையைச் சிகரெட் வாங்க அனுப்பாதீர்கள். பீடி வாங்க அனுப்பாதீர்கள். தாத்தாவுக்குப் பொடி, பாட்டிக்குப் போயிலை என்றும் அனுப்பாதீர்கள்.

"ஒரு நடை போய் வந்தால் என்ன?" என்று நினைக்கிறோம். அந்த ஒரு நடையில் பிள்ளைக்குக் கடை பழக்கமாகிறது. சிகரெட்டின் பெயர் தெரிகிறது. விலை தெரிகிறது. "அப்பாவுக்கு" என்று சொன்னால் கொடுப்பார்கள் என்ற உபாயமும் தெரிகிறது. கடைக்காரருக்கும் இவன் முகம் பழகிவிடுகிறது. நாளைக்கு அவன் தனக்காக வாங்க வரும்போது, அதே பதிலைச் சொல்லுவான். எது அப்பாவுக்கு, எது பிள்ளைக்கு என்று கடைக்காரருக்கு எப்படித் தெரியும்?

அப்பாக்கள் யாருமே பிள்ளையை அனுப்புவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது கடைக்கு வரும் எந்தச் சிறுவனும் பொய் சொல்ல முடியாது. "அப்பாவுக்கு" என்றால், "அப்பாவையே வரச் சொல்லு" என்று கடைக்காரர் திருப்பி அனுப்பிவிடலாம். அவருக்கும் வாடிக்கை போகாது.

இன்று சாயங்காலம் சிகரெட் தீர்ந்துபோனால், அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு தாமே கடைக்குப் போகட்டும். போகும் வழியில், "இது எனக்குத்தான் வேண்டுமா?" என்று ஒரு தடவை யோசித்துப் பார்க்கட்டும்.

பாதி வழியில் வீட்டுக்குத் திரும்பிவிட்டால், இன்னும் நல்லது!